ஹெச்.பைலோரி கிட்டும் புரோபயாடிக்கும்: ஒரு வருடம் கழித்து என் அனுபவம்

அலுவலக நண்பரின் மனைவிக்கு எண்டோஸ்கோபி செய்து, இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெச்.பைலோரி என்ற கிருமி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் 14 நாள் கிட் எழுதிக் கொடுத்திருக்கிறார். "நீங்களும் இதே கோர்ஸ் முடிச்சவர்தானே, கூட எந்தப் புரோபயாடிக் வாங்கலாம், என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?" என்று கேட்டார். புரோபயாடிக் என்றால் குடலுக்கு நல்லது என்று உயிரோடு சாப்பிடுகிற நுண்ணுயிரி. பதிலை வாட்ஸாப்பில் அடக்க முடியவில்லை. முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

கிட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையிலும் இரவிலும் அமிலத்தைக் குறைக்கும் ஒரு மாத்திரை, கிளாரித்ரோமைசின், அமாக்ஸிசிலின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக். அமில மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். வாயில் ஒரு உலோகக் கசப்பு தங்கும். அது கிளாரித்ரோமைசின் செய்வது, கோர்ஸ் முடிந்தால் போய்விடும். கசக்கிறது, வயிறு கலங்குகிறது என்று பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமிக்கு அந்த மருந்து பழகிவிடும், அடுத்த முறை கேட்காது.

எனக்கு வயிறு நன்றாகவே கலங்கியது. முதல் வாரத்திலேயே பேதி. டாக்டரிடம் போனபோது சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற சாஷேயைக் காலை, இரவு என எழுதினார். இது பாக்டீரியா இல்லை, ஈஸ்ட். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாது. அதனால் மாத்திரைகளோடு சேர்த்தே சாப்பிடலாம். 1920களில் ஹென்றி பூலார்ட் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இந்தோசீனாவில் கண்டெடுத்தது இது. காலரா பரவிய நேரத்தில் அங்குள்ள மக்கள் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களை வேகவைத்துக் குடித்ததைக் கவனித்து, அதிலிருந்து பிரித்தெடுத்திருக்கிறார். ஹெச்.பைலோரி சிகிச்சையில் வரும் பேதியை இது குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆய்வுகள் உண்டு. எனக்கும் சில நாட்களில் வயிறு கட்டுக்குள் வந்தது, கோர்ஸை முழுதாக முடித்தேன். கொதிக்கிற வெந்நீரில் கலக்கக் கூடாது, ஈஸ்ட் செத்துப்போகும். சாதாரணத் தண்ணீர் போதும். இதுவரை குறையே இல்லை.

குறை மருந்துக்கடையில் ஆரம்பித்தது. முதலில் வாங்கியது தீர்ந்ததும் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு காப்ஸ்யூல் பட்டையை எடுத்து வைத்தார். "அது ஸ்டாக் இல்ல சார், இதுவும் அதேதான், இதுதான் இப்ப நல்லா போகுது" என்றார். வீட்டில் வந்து பட்டையின் பின்பக்கம் படித்தால் லாக்டோபேசிலஸ், பிஃபிடோபேக்டீரியம் என்று வரிசையாக இருக்கிறது. எல்லாமே பாக்டீரியா! காலையிலும் இரவிலும் நான் விழுங்குகிற அமாக்ஸிசிலின் இவற்றில் பெரும்பாலானதைக் கொன்றுவிடக்கூடியது. சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ஆன்டிபயாடிக்குக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். அதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார்கள். அடுத்த கடையில் பேசிலஸ் கிளாசி என்ற பாக்டீரியா உள்ள குப்பியை நீட்டினார்கள். அது வித்து வடிவில் இருப்பதால் பல ஆன்டிபயாடிக்குகளைத் தாங்கும், நம் ஊரில் குழந்தைகளுக்கு அதிகம் எழுதுவதும் அதைத்தான். மோசமான பொருள் இல்லை. ஆனால் டாக்டர் எனக்கு எழுதியது அது இல்லையே! "எல்லாம் ஒண்ணுதான் சார், வயித்துக்கு நல்ல கிருமி" என்ற அதே பதில் அங்கேயும் வந்தது.

எல்லாம் ஒன்று இல்லை. அரிசி கேட்டவருக்குக் கேழ்வரகைக் கொடுத்து இரண்டும் தானியம்தானே என்பது மாதிரி இருக்கிறது இது. புரோபயாடிக்கில் பலன் எந்த உயிரி, அதிலும் எந்த ஸ்ட்ரெயின் (அந்த உயிரியின் உட்பிரிவு), எந்த நோய்க்கு என்பதைப் பொறுத்தது. ஒன்றை வைத்துச் செய்த ஆய்வின் பலன் இன்னொன்றுக்குத் தானாக வந்துவிடாது. டப்பாவின் முன்பக்கம் பெரிய எழுத்தில் எத்தனை பில்லியன் என்று போடுகிறார்கள். ஸ்ட்ரெயின் பெயரைத் தேடினால் பல டப்பாக்களில் கிடைப்பதில்லை. 25 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று அச்சடித்த பட்டை, மே மாத வெயிலில் மின்விசிறி மட்டும் ஓடுகிற கடையில் தொங்குகிறது. உள்ளே எத்தனை உயிரோடு இருக்கும்? ஒரு வருடம் ஆகியும் இந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆன்டிபயாடிக்கை இப்படி மாற்றிக் கொடுத்தால் சண்டை வந்துவிடும். புரோபயாடிக்கை மட்டும் யாரும் மருந்தாகவே மதிப்பதில்லை, ஆனால் விலை மட்டும் மருந்து விலைதான்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். உறவினர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "காரம் சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் உனக்கு இது வந்தது." இல்லை. பெரும்பாலும் சின்ன வயதிலேயே, அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகவோ வீட்டில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கோ தொற்றுகிற கிருமி இது. அல்சருக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் 1984ல் இந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். அவருக்கும் அவரோடு சேர்ந்து இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் 2005ல் நோபல் பரிசு கிடைத்தது. காரம் புண்ணை எரிய வைக்கும், அதனால் குறைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதே மாதிரி எந்தச் சாப்பாடும் இந்தக் கிருமியை ஒழிக்காது. தயிரும் ஒழிக்காது, புரோபயாடிக்கும் தனியாக ஒழிக்காது.

கோர்ஸின்போது எனக்கு ஒத்துப்போனவை இட்லி, குழைய வடித்த ரசம் சாதம், பாசிப்பருப்பு, புழுங்கலரிசிக் கஞ்சி, வாழைப்பழம். கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம் மூன்றும் கோர்ஸ் முடிந்து பல மாதம் வரை வயிற்றை உப்ப வைத்தன. அவற்றை ஒரேயடியாக விலக்காமல், வேகவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். குடலில் மிஞ்சியிருக்கிற நல்ல பாக்டீரியாவுக்கு நார்ச்சத்துதான் தீனி, அதை நிரந்தரமாக நிறுத்துவது நல்லதில்லை.

தயிர் எனக்குத் தினமும் உண்டு. இந்த இரண்டு ஆன்டிபயாடிக்குக்கும் தயிரால் தடையில்லை. ஆனால் டெட்ராசைக்ளின் உள்ள கிட் எழுதியிருந்தால், அந்த மாத்திரையோடு பால், தயிர் கூடாது, கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். இதை டாக்டரிடம் அவசியம் கேளுங்கள். பழைய சோறும் காலையில் சாப்பிட்டேன், சுகமாக இருந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலேயே குடல் நோய்களுக்குப் பழைய சோற்றை வைத்து ஆராய்ச்சி நடத்தியிருக்கிறார்கள். ஆனாலும் நான் அதை மருந்து என்று சொல்ல மாட்டேன். நல்ல தண்ணீரில் ஊறியிருந்தால் நல்ல சாப்பாடு.

கோர்ஸுக்குப் பிறகு? "குடலை ரிப்பேர் பண்ண மூணு மாசம் புரோபயாடிக்" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். 2018ல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் ஒரு ஆய்வை வெளியிட்டது. ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு பல ஸ்ட்ரெயின் கலந்த புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு, ஒன்றுமே சாப்பிடாதவர்களைவிட அவர்களுடைய சொந்தக் குடல் பாக்டீரியா திரும்பி வரத் தாமதமானது. அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கமும் 2020 வழிகாட்டுதலில் பெரும்பாலான குடல் நோய்களுக்குப் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கவில்லை. நான் கோர்ஸ் முடிந்த கையோடு சாஷேயை நிறுத்தினேன். பவுலார்டி குடலில் குடியேறுவதில்லை, நிறுத்திய சில நாட்களில் வெளியேறிவிடும். என் வயிறு பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள் ஆனது, காப்ஸ்யூல் எதுவும் இல்லாமல்தான் வந்தது.

சரி, வாங்கியே ஆவதென்றால் என்ன வாங்கலாம்? பவுலார்டி, 14 நாளைக்கு மட்டும், அதுவும் டாக்டர் சரி என்றால். நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும், பெரிய ரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் என்ற குழாய் போட்டிருப்பவர்களுக்கும் இது கூடாது, ஈஸ்ட் ரத்தத்தில் கலந்த சம்பவங்கள் உண்டு. சீட்டில் உள்ள பெயரும் டப்பாவின் பின்பக்கப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று கடையில் நின்றே பாருங்கள், இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள். ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரமும், அமில மாத்திரை நிறுத்தி இரண்டு வாரமும் கழித்து மூச்சுப் பரிசோதனை செய்யுங்கள். கிருமி போனதா என்று சொல்வது அதுதான், வயிறு லேசாக இருப்பது இல்லை.

சாஷேக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். புரோபயாடிக் வாங்கிய அனுபவத்துக்கு ஒன்று. மொத்தத்தில் இன்னொருவருக்குப் பரிந்துரைப்பேனா என்றால், மாட்டேன். மூன்று கடை ஏறி இறங்கித்தான் சரியான சாஷே கிடைக்கும் என்றால், பேதியில் துவண்டு கிடக்கிறவரை அப்படி அலையச் சொல்ல எனக்கு மனமில்லை.