சீனாவில் ஒரே ஒரு ராத்திரி விருந்துக்குத்தான் காசு என்றால் எங்கே போவது?

உணவகங்களுக்கு 1 முதல் 3 வரை நட்சத்திரம் கொடுக்கும் பிரெஞ்சுக்காரர்களின் மிஷ்லின் கையேடு பெய்ஜிங்குக்கு முதன்முதலில் வந்தது 2019 நவம்பரில். ஊர்க்காரர்கள் கொதித்துப் போனார்கள். வாத்து வறுவலுக்குப் பேர்போன ஊர், அரண்மனைச் சமையல் வளர்ந்த ஊர். அங்கே அந்த வருடம் 3 நட்சத்திரம் வாங்கியது ஒரே ஒரு கடை, அதுவும் தெற்கே ஜெஜியாங் மாகாணக் கடலோரத்திலிருந்து வந்த மீன் கடை. ஷாங்ஹாயில் அதற்கு மூன்று வருடம் முன்பே இதே கூத்து நடந்திருந்தது. 2016 செப்டம்பரில் வந்த முதல் பட்டியலில் 3 நட்சத்திரம் வாங்கிய ஒரே இடம் லாங்ஹம் ஹோட்டலுக்குள் இருக்கும் தாங் கோர்ட், அது கேன்டனீஸ், அதாவது தெற்கே குவாங்டாங், ஹாங்காங் பக்கத்துச் சமையல். உள்ளூர் சமையலை விட்டுவிட்டு, ஹாங்காங் வாடை அடிக்கிற இடமாகப் பார்த்துப் பரிசு கொடுத்துவிட்டார்கள் என்று அங்கேயும் ஒரே புலம்பல்.

ஷாங்ஹாய்ப் புலம்பல் சூடு ஆறுவதற்குள் 2018 ஜனவரியில் மேய்துவான் தியென்பிங் என்ற சீன இணைய நிறுவனம் 'பிளாக் பேர்ல்' என்று சொந்தமாக ஒரு கையேடு கொண்டுவந்தது. அவர்கள் தருவது நட்சத்திரம் இல்லை, வைரம். சீன நாக்குக்குச் சீனர்களே மார்க் போடுவது என்பது கணக்கு. இது போக 2013-லிருந்து 'ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள்' பட்டியல் தனியாக ஓடுகிறது, அது ஓட்டுப் போட்டு முடிவாவது. ஆக, ஒரே கடை ஓரிடத்தில் உச்சியில் இருக்கும், இன்னோரிடத்தில் நடுவாந்தரமாக இருக்கும். பரிசை வைத்து மட்டும் கடையைத் தேர்ந்தெடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள் என்பதற்காகத்தான் இத்தனை முன்கதை. ஒரு ராத்திரிதான், ஒரு பில்தான் என்றால் எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில், இன்று போக முடியாத ஒரு கடை. ஷாங்ஹாயின் அல்ட்ரா வயலட் பற்றி யாராவது இன்னும் 'கட்டாயம் போங்கள்' என்று சொன்னால் அவர் பழைய தகவலை வைத்திருக்கிறார், 2025 மார்ச்சில் மூடிவிட்டார்கள். ஆனாலும் அதைப் பேசாமல் இந்த அலசலைத் தொடங்க முடியாது, ஏனென்றால் சீனாவில் பெருஞ்செலவு விருந்து என்றாலே பலர் மனதில் அந்த உருவம்தான் நிற்கிறது. பிரெஞ்சுச் சமையல்காரர் பால் பேரே 2012-ல் ஆரம்பித்தது. ஒரே ஒரு மேசை, 10 நாற்காலி. இடம் எங்கே என்று சொல்ல மாட்டார்கள், ஆற்றோரத்தில் பண்ட் பகுதியில் ஒன்றுகூடச் சொல்லி வண்டியில் ஏற்றிக் கூட்டிப் போவார்கள். அறைக்கு ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் திரை. 20 சுற்று சாப்பாடு, ஒவ்வொரு சுற்றுக்கும் வெளிச்சம், சத்தம், வாசனை எல்லாம் மாறும். கடல் பதார்த்தம் வந்தால் சுற்றிலும் கடல். 2017-ல் 3 நட்சத்திரமும் கிடைத்தது. அது ஒரு நாடகம், நல்ல நாடகம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதே அறையைத் தூக்கி துபாயிலோ நியூயார்க்கிலோ வைத்திருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது. என் பிரச்சினை அங்கேதான்.

ஷாங்ஹாயில் இந்த வகையில் இன்னும் நடக்கிற கடை தாய்யான் டேபிள். ஜெர்மன்காரர் ஸ்டெஃபான் ஷ்டில்லர் நடத்துவது. சமையல் நடப்பதை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தபடி சாப்பிடலாம், சில வாரங்களுக்கு ஒருமுறை மெனு மொத்தமாக மாறும். 2016-ல் முதல் பட்டியலில் நட்சத்திரம் கொடுத்த மறுநாளே உரிமப் பிரச்சினையில் கடையை மூடிவிட்டார்கள்! கையேட்டுக்காரர்கள் முகத்தை நினைத்துப் பாருங்கள். பிறகு வேறு இடத்தில் திறந்து 3 நட்சத்திரம் வரை ஏறினார்கள். ஷாங்ஹாயிலேயே குடியிருப்பவர், சீனச் சாப்பாடு தினமும் சாப்பிட்டுச் சலித்தவர் என்றால் இது அருமையான மாற்று. ஊரிலிருந்து ஒரு வாரம் சுற்ற வந்தவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

சரி, பெய்ஜிங்கில் 3 நட்சத்திரம் வாங்கிய அந்த ஜெஜியாங் கடலோரக் கடைக்கு வருவோம். பெயர் ஷின் ரோங் ஜி. தாய்ஜோவ் வட்டாரத்தில் லின்ஹாய் என்ற ஊரில் 1995-ல் சாங் யோங் என்பவர் ஆரம்பித்தது, இப்போது பல நகரங்களில் கிளை. பெய்ஜிங்கில் 3 நட்சத்திரம் வாங்கியது ஷின்யுவான் தெற்குச் சாலைக் கிளை. இங்கே திரையும் இல்லை, நாடகமும் இல்லை. நட்சத்திரப் பதார்த்தம் பெரிய மஞ்சள் கத்தாழை. நம் ஊர்க் கத்தாழை, பன்னா எல்லாம் சேர்ந்த அதே குடும்பம், ஆனால் வயிறு பொன் நிறத்தில் இருக்கும். இருட்டில் பிடித்தால்தான் அந்தப் பொன் நிறம் நிற்கும், வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் என்பதால் ராத்திரியில்தான் பிடிப்பார்கள். வீட்டுக் குழம்பு மாதிரி, கொஞ்சம் சோயா, கொஞ்சம் அரிசி மது, மெதுவான தீ, அவ்வளவுதான்.

இந்த மீன் ஏன் இவ்வளவு விலை என்பதற்கு ஒரு சோகக் கதை உண்டு. கத்தாழை இனத்துக்குத் தலைக்குள் இருக்கும் காதுக்கல் பெரியது. 1950-களில் தென்கிழக்குக் கரையில் பல படகுகள் வட்டமாக வளைத்து நின்று, படகோரம் கட்டிய மரத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டுவார்களாம். அந்த அதிர்வு காதுக்கல்லில் போய் மோத, மீன் மயங்கி மேலே மிதக்கும், தாயும் குஞ்சும் பேதமில்லாமல். அப்புறம் அதைத் தடை செய்தார்கள். ஆனால் 70-களில் விசைப்படகுகள் குளிர்காலத்தில் மீன் ஒடுங்கும் இடத்துக்கே போய் வாரிவிட்டன. இன்று சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் ஃபுஜியான் மாகாணம் நிங்தேவில் பண்ணையில் வளர்ந்தது. கடலில் பிடித்த பெரிய மீன் அரைக் கிலோவே பல ஆயிரம் யுவான். அதை ஒருமுறை சாப்பிட வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்பது உங்கள் மனசாட்சி. நான் விட்டுவிடுவேன், ஏனென்றால் அந்தக் கடையின் உண்மையான கெட்டிக்காரத்தனம் வேறு இரண்டு பதார்த்தங்களில் இருக்கிறது. ஒன்று சாவாளை மீன். ஆமாம், வெள்ளி நாடா மாதிரி நீளமாக, முள் நிறைய இருக்கிறதே அதுதான். அதைப் பொன்னிறமாக மொறுமொறுவென்று பொரித்துத் தருவார்கள். இன்னொன்று தேன்பாகில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ஏழை வீட்டுச் சாமான் இரண்டையும் வைத்து இந்த வகைக் கடை நடத்துகிற துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. கடற்சாமந்தியும் (பேர்தான் பூ, அது ஒரு கடல் உயிரி) கிழங்கு மாவு நூடுல்ஸும் சேர்த்துச் செய்யும் தாய்ஜோவ் பதார்த்தம் ஒன்று உண்டு, பார்க்கக் கொஞ்சம் பயமாக இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது எதுவும் உதவாது என்று தெரியும். சீனா என்றதும் பை நிறையத் தயிர்சாதப் பொட்டலம் கட்டுகிற ஆட்களுக்காகவே இந்தப் பகுதி. உண்மையில் உலகத்தில் சைவத்துக்கு இவ்வளவு பெரிய பரிசு கிடைத்த நாடு அதிகம் இல்லை. போட்டி இரண்டு கடைகளுக்குள்: பெய்ஜிங்கின் கிங்ஸ் ஜாய், ஷாங்ஹாயின் ஃபூ ஹ ஹுய்.

கிங்ஸ் ஜாய் யோங்ஹகோங் என்னும் லாமா கோயிலுக்குப் பக்கத்தில், பழைய பாணி முற்றம் வைத்த கட்டடத்தில் இருக்கிறது. உள்ளே யாழ் மாதிரியான ஹார்ப் வாசித்துக்கொண்டிருப்பார்கள். 2020 பதிப்பில் 2 நட்சத்திரம், 2021 பதிப்பில் 3. காளானும் பருவக் காய்கறியும்தான் பலம். ஃபூ ஹ ஹுய் யுயுவான் சாலையில், சமையல்காரர் டோனி லூ பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது. முதல் ஷாங்ஹாய் பட்டியலிலேயே 1 நட்சத்திரம். ஆசியா 50 பட்டியலிலும் பல வருடம் இடம். இங்கே தனித்தனியாக ஆர்டர் செய்ய முடியாது, அவர்கள் வரிசைப்படுத்தியதைத்தான் சாப்பிட வேண்டும். கூடவே மதுவுக்குப் பதில் ஒவ்வொரு சுற்றுக்கும் பொருத்தமான தேநீர்.

அந்தப் பதிப்புகளின் நட்சத்திரக் கணக்குப் பார்த்தால் கிங்ஸ் ஜாய்தான் ஜெயித்திருக்க வேண்டும். எனக்கு ஃபூ ஹ ஹுய். முற்றம், ஹார்ப், மேடை எல்லாம் கண்ணுக்கு நிறைவு, பெரியவர்களைக் கூட்டிப் போனால் மனம் குளிர்ந்து போவார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் குடிக்காதவனுக்கு மரியாதையாக ஒரு கோப்பையைத் தட்டோடு பொருத்திக் கொடுக்கிற வழக்கம் உலகத்திலேயே குறைவு, சோடாவும் பழச்சாறும்தான் கதி. தேநீரை அந்த இடத்துக்கு உயர்த்தியதற்கே என் ஓட்டு.

ஒரு விஷயம் கவனியுங்கள். சீன பௌத்த சைவத்தில் இறைச்சி, மீன் மட்டும் விலக்கு இல்லை. பூண்டு, வெங்காயம் உட்பட ஐந்து நெடிப் பொருட்களும் விலக்கு. அந்த ஐந்தில் ஐந்தாவது எது தெரியுமா? நம் பெருங்காயம். ஷிங்ச்சு என்று எழுதுவார்கள், சமஸ்கிருத ஹிங்கு என்ற சொல் அப்படியே போனது. சீனச் சமையலில் அது பெரிதாகப் பழக்கம் இல்லை, ஆனாலும் விலக்குப் பட்டியலில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது! நம் வீட்டு ரசத்தைக் கொண்டுபோய் வைத்தால் பிட்சு தொட மாட்டார். அதே சமயம் 'சைவ' மெனுவில் வாத்து, மீன் என்று பெயர் பார்த்துப் பதற வேண்டாம், சோயாவிலும் கோதுமைப் பசையிலும் இறைச்சி மாதிரி செய்வது பழைய வழக்கம். 1922-லிருந்து நடக்கும் ஷாங்ஹாயின் கோங்தலின் அதற்கே பேர் போனது. ஃபூ ஹ ஹுய் அந்த வழியில் போகவில்லை. காய் காயாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள், எனக்கு அது இன்னொரு பாயின்ட்.

சிச்சுவான் மாகாணத்தின் செங்டு பக்கம் போகிறவர்களுக்கு யூ ஜி லான். லான் குய்ஜுன் என்ற சமையல்காரருடைய சின்ன இடம், 2021 டிசம்பரில் செங்டுவின் முதல் மிஷ்லின் பட்டியலில் 2 நட்சத்திரம். சிச்சுவான் என்றாலே காரம், நாக்கு மரத்துப் போகும் என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். இங்கே பேசப்படுவது தங்க நூல் நூடுல்ஸ். மாவைத் தண்ணீர் விடாமல் முட்டையிலேயே பிசைந்து, காகிதம் மாதிரி தேய்த்து, பெரிய கத்தியால் நூல் நூலாக நறுக்குவது. எந்திரம் கிடையாது. தெளிந்த சாற்றில் ஒரு சின்னச் சுருள் வரும்.

அந்தத் தெளிந்த சாறுதான் சிச்சுவான் விருந்துச் சமையலின் பெருமை. 'வெந்நீர் முட்டைகோஸ்' என்று ஒரு பழைய பதார்த்தம் உண்டு, பார்த்தால் நிஜமாகவே வெந்நீரில் கோஸ் மிதக்கிற மாதிரிதான் இருக்கும். கோழி, வாத்து, பன்றி எலும்பு, உப்பிட்ட தொடைக்கறி எல்லாம் மணிக்கணக்கில் கொதித்த சாறு அது. மைய அரைத்த கறியைக் கரைத்து உள்ளே விடுவார்கள், அது மிதந்து எழும்போது கலங்கலையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டு வரும், அதை எடுத்து வீசிவிட்டு மறுபடியும் விடுவார்கள். கண்ணாடி மாதிரி ஆகும் வரை. காரம் இல்லாத சிச்சுவானைப் பார்க்க விரும்புகிறவர் இங்கே போகட்டும். காரமான மாப்போ தோஃபுவுக்கு ஏங்குகிறவர் தெருக்கடைக்குப் போகலாம், நஷ்டமே இல்லை.

கடைசிப் போட்டி, எனக்கு நிஜமாகவே திணறலான போட்டி, ஷின் ரோங் ஜிக்கும் ஹாங்காங்கின் த சேர்மனுக்கும். டேனி யிப் 2009-ல் ஆரம்பித்த கேன்டனீஸ் கடை, 2021-ல் ஆசியா 50 பட்டியலில் முதலிடம். சுறாத் துடுப்பு மாதிரியான ஆடம்பரச் சாமான் காட்டிப் பணம் பிடுங்குவதில்லை. அவர்களுடைய புகழ்பெற்ற தட்டு ஒன்றே போதும்: முதுகில் சிலுவைக் குறி இருக்கும் நண்டு, நம் மீனவர்கள் சிலுவை நண்டு என்பார்களே, அதைப் பழைய ஷாவ்ஷிங் அரிசி மதுவும் கோழிக் கொழுப்பும் விட்டு ஆவியில் வேகவைப்பது. அடியில் அகலமான அரிசி நூடுல்ஸ் பரப்பியிருக்கும். நண்டுச் சாறும் மதுவும் கொழுப்பும் கலந்து வடிகிற அத்தனையும் அது குடித்துவிடும். முதலில் நண்டைத் தின்றுவிட்டு நூடுல்ஸை ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், விஷயமே அடியில்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் பேசி, கார்டைத் தேய்த்து, நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்றால் த சேர்மன். மேசை கிடைப்பதுதான் பாடு, மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும். ஆனால் ஒரே ஒரு ராத்திரி என்று என்னைக் கேட்டால் ஷின் ரோங் ஜி. கேன்டனீஸ் சமையலின் நல்ல வடிவம் உலகத்தின் பல ஊர்களில் கிடைத்துவிடும், சிங்கப்பூரிலேயே கிடைக்கும். தாய்ஜோவ் சாப்பாட்டை வெளியே எங்கே தேடுவது?

போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இது பரிசெல்லாம் வாங்காத, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடலோரக் கடையில் நான் பட்டது. தொட்டியில் நீந்துகிற மீனைக் காட்டி, சுவரில் எழுதியிருந்த விலையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டேன். அந்த விலை ஒரு ஜின்னுக்கு, அதாவது அரைக் கிலோவுக்கு. மீன் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. பில் வந்ததும் மூன்று பங்கு! பெரிய கடைகளிலும் மீன், நண்டு இப்படித்தான் எடைக்கு விலை போடுவார்கள், அதனால் சமைக்கப் போவதற்கு முன் 'மொத்தம் எவ்வளவு' என்று போனில் எண்ணைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தனி அறை கேட்டால் குறைந்தபட்சச் செலவு என்று ஒரு தொகை பல இடங்களில் உண்டு, அதையும் முன்னாலேயே கேளுங்கள். அலிபே என்ற போன் கட்டணச் செயலியில் உங்கள் கார்டை ஊரிலேயே இணைத்துச் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஷின் ரோங் ஜியில் இரண்டு பேர் போனால் சாவாளை, கிழங்கு, கடற்சாமந்தி, ஒரு கீரை. வாத்து அங்கேயும் உண்டு, ஆனால் வாத்துக்குத் தனியாக ஒரு மதியம் ஒதுக்கி தா தோங் என்ற வாத்துக் கடைப் பக்கம் போய்க்கொள்ளலாம், கொழுப்புக் குறைவாக வறுப்பதில் அவர்கள் கில்லாடிகள். கிழங்கைக் கடைசி வரை வைத்திருக்காதீர்கள், சூட்டோடு சாப்பிட்டால்தான் அது கிழங்கு.