இரண்டடி ‘ஃபுல் செட்’: தொட்டியை வாங்கலாம், கூட வரும் மீன்களை வாங்க வேண்டாம்

முதன்முறையாக மீன் தொட்டி வாங்கப் போகிறவர்களுக்குச் சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது இரண்டடி ‘ஃபுல் செட்’. 24 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரம். மூடியில் எல்.இ.டி. விளக்கு, உள்ளே மாட்டும் பவர் ஃபில்டர், கலர் கல், பிளாஸ்டிக் செடி, குழாய்த் தண்ணீரின் குளோரினைப் போக்க ஒரு பாட்டில் ஆன்டி குளோரின். இதோடு ‘மிக்ஸ்’ என்று ஒரு கவரில் பத்துப் பன்னிரண்டு மீன்: இரண்டு கோல்டு ஃபிஷ், இரண்டு ஏஞ்சல், நான்கு டைகர் பார்ப், ஒரு ரெட் டெய்ல் ஷார்க், கண்ணாடியில் பாசி தின்ன ஒரு சக்கர். மற்ற ஊர்களிலும் கிட்டத்தட்ட இதே கூட்டம்தான்.

முதலில் தொட்டி. 5 மி.மீ. கண்ணாடி இந்த அளவுக்குப் போதும். மூலைகளில் சிலிக்கான் இடைவெளி விடாமல் ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 65 கிலோவைத் தாண்டும். அதனால் பிளாஸ்டிக் ஸ்டூல் தாங்காது. மட்டமான மேசையில் தெர்மாகோல் ஷீட் போட்டு அதன்மேல் வைக்க வேண்டும். கலர் கல்லில் சாயம் போகும். அதற்குப் பதில் 2 முதல் 3 மி.மீ. ஆற்றுக் கல் கேளுங்கள். ஃபில்டரில் மோட்டார் குறை சொல்லும்படி இல்லை, ஸ்பாஞ்ச்தான் சின்னது. நன்மை செய்யும் பாக்டீரியா குடியிருப்பது அந்த ஸ்பாஞ்சில்தான். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைக் கூடுதலாகப் போட்டால் அந்தக் குறை தீரும். பேட்டரி ஏர் பம்ப் இருந்தால் கரண்ட் போனாலும் ஓடும்.

இனி மீன்கள். கணக்குப்படி தொட்டியின் கொள்ளளவு 56 லிட்டர். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக, உள்ளே நிற்பது 45 லிட்டர் சொச்சம். கடையில் ஒன்றரை அங்குலமாக இருக்கும் சக்கர் ஒன்றேகால் அடிக்கு மேல் வளரும். கோல்டு ஃபிஷ் அரை அடி தாண்டும். ஏஞ்சலுக்கு நீளத்தைவிட உயரம் அதிகம்; துடுப்புச் செட்டையை முழுதாக விரித்தால் 12 அங்குலத் தொட்டியில் திரும்பவே இடம் போதாது.

குணத்திலும் இவை ஒத்துப்போகாது. டைகர் பார்ப் எட்டுப் பத்தாக இருந்தால் தங்களுக்குள் துரத்திக்கொண்டு திரியும். நான்கே இருந்தால் அந்த வேகம் பக்கத்து மீன்மேல் பாயும், முதலில் அகப்படுவது ஏஞ்சலின் நீண்ட மீசைச் செட்டை. ரெட் டெய்ல் ஷார்க் ஒரு மூலையைத் தனதாக்கிக்கொண்டு அந்தப் பக்கம் யாரையும் விடாது. சக்கர் இரவில் கோல்டு ஃபிஷ்ஷின் விலாவில் ஒட்டி உடம்பு வழவழப்பைச் சுரண்டும். காலையில் விலாவில் செதில் போய் வெளிறிய வட்டம் தெரிந்தால் நோய் என்று மருந்து ஊற்றும் முன் சக்கரைச் சந்தேகப்படுங்கள். கோல்டு ஃபிஷ்ஷுக்கு 18 முதல் 23 டிகிரி வரை சுகம். சென்னை வீட்டுத் தொட்டியில் சாதாரணமாகவே 28 முதல் 31 டிகிரி இருக்கும். ஏஞ்சலுக்கு அது சரி, கோல்டு ஃபிஷ்ஷுக்கு ஓயாத சோர்வு.

மீன் கூட்டமாகச் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் அமோனியா. கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் வரும் அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் பன்னிரண்டு மீனை ஒரே நாளில் விட்டால் அந்த அவகாசம் கிடைக்காது. போர் தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) பல இடங்களில் 8-ஐ ஒட்டி இருக்கும். 30 டிகிரியில் பி.எச். 7 தண்ணீரைவிட பி.எச். 8 தண்ணீரில் அமோனியாவின் விஷப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. முதல் வாரத்தில் தண்ணீர் பால்போல மங்கியதும் பலர் மொத்தத்தையும் கொட்டி, ஃபில்டரைக் குழாயில் பிழிந்து கழுவிவிடுகிறார்கள். அப்போதுதான் வளரத் தொடங்கிய பாக்டீரியாவும் போய்விடும்.

செட்டில் அமோனியா, நைட்ரைட் அளவைப் பார்க்கும் டெஸ்ட் கிட் கிடையாது. அது பெரிய குறை. ஏ.பி.ஐ. மாஸ்டர் டெஸ்ட் கிட் விலை அதிகம்தான், ஆனாலும் இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும். தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் பல பட்டை டெஸ்ட்டுகளில் அமோனியாவே இருக்காது, பார்த்து வாங்குங்கள். ஏ.பி.ஐ. கிட்டின் நைட்ரேட் டெஸ்ட்டில் இரண்டாவது பாட்டிலை 30 விநாடி பலமாகக் குலுக்காமல் விட்டால் அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றும்.

ஃபுல் செட்டை ஏற்கெனவே மீனோடு வாங்கிவிட்டீர்களா? கடிபடுகிற மீனைப் பிரித்தால் கடிக்கிற மீன் அடுத்ததைப் பிடிக்கும். அதனால் ஷார்க், டைகர் பார்ப் இரண்டையும் முதலில் எடுங்கள். அடுத்து கோல்டு ஃபிஷ்ஷும் சக்கரும். கழிவு கணிசமாகக் குறையும். கடையில் திரும்ப எடுக்கும் வரை மூடி போட்ட 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில் ஏர் ஸ்டோன் போட்டு வைக்கலாம், ஆனால் சண்டைக்காரர்களை ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஏரியிலோ குளத்திலோ விடவே கூடாது. அப்படி விட்ட சக்கர்கள்தான் இன்று மீனவர்களின் வலையைக் கிழிக்கின்றன.

அமோனியா பூஜ்ஜியத்துக்கு வரும்வரை தினமும் 12 லிட்டர் மாற்றுங்கள். புதுத் தண்ணீர் தொட்டியின் சூட்டிலேயே இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் கலந்து ஊற்றுங்கள். தீனி ஒன்றுவிட்டு ஒரு நாள், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும். நைட்ரைட் ஏறினால் லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றினால் மீனுக்குப் பாதுகாப்பு. பிறகு மாற்றும் தண்ணீரில் அந்த 12 லிட்டருக்கு உரிய 12 கிராம் மட்டும் சேர்த்தால் போதும். ஸ்பாஞ்சை, தண்ணீர் மாற்றும்போது எடுத்து வைத்த தொட்டித் தண்ணீரில் மட்டும் அலசுங்கள். கிழிந்த செட்டை சுத்தமான தண்ணீரில் தானாக வளரும். மெத்திலின் ப்ளூ மருந்து வேண்டுமென்றால் தனி டப்பாவில்தான், தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவும் அடிபடும்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், மிக்ஸ் கவர் இல்லாமல் செட்டுக்கு என்ன விலை என்று கேளுங்கள். கடினத் தண்ணீரில் நன்றாக வாழும் ஆண் கப்பி எட்டு, அல்லது ஆண் பிளாட்டி ஆறு, இந்தத் தொட்டிக்குப் போதும். முதலில் நான்கு விட்டு, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்தில் நின்ற பிறகு மீதி. ஜோடியாகத் தரட்டுமா என்று கடையில் கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். பெண் கப்பி மாதம் ஒருமுறை குட்டி போடும். ஆணைப் பிரித்த பிறகும் பல மாதம் நிற்காது. ஃபைட்டர் மீன் அழகாகத்தான் இருக்கும், கப்பியின் வாலைப் பார்த்து அதோடும் மோதும். பிடித்திருந்தால் அதற்குத் தனித் தொட்டி.