லிஃப்ட் போட்ட பிக்கப் தூக்கிப் போட்டால்: காற்றா, ஷாக்கா, பட்டையா?

வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி பிக்கப் வாங்கியதும், லிஃப்ட் கிட் போட்டு வண்டியின் உயரத்தை இரண்டு அங்குலம் தூக்கிவிடுவது சேலத்திலும் பழக்கமாகிவிட்டது. கொஞ்ச நாளில் 'இடுப்பு ஒடியுது' என்று மெக்கானிக்கிடம் போய் நின்றால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் 'நல்ல ஷாக்கா மாத்திடுங்க' என்பதுதான். என்னைக் கேட்டால், டயர் காற்று, பட்டை (லீஃப் ஸ்பிரிங்) இரண்டுக்கும் பிறகு மூன்றாவதாக வர வேண்டிய செலவுதான் ஷாக் (ஷாக் அப்சார்பர்).

முதலில் அடி எந்த வகை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரம் வரை காலி வண்டியை ஓட்டினால் போதும், தெரிந்துவிடும். ஒட்டுப்போட்ட தார் ரோட்டில் டக் டக்கென்று சின்ன அடிகள் உள்ளே வந்தால் டயரையும் பட்டையையும் சந்தேகப்படலாம். வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை எழும்பி இறங்கினால் ஷாக். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் 'டங்' என்று இரும்புச் சத்தம் கேட்டால், பெரும்பாலும் அது ஸ்பேசர் (உயரத்துக்காக ஸ்பிரிங்கோடு செருகும் துண்டு) வைத்துத் தூக்கிய வண்டி. சக்கரம் கீழே இறங்குவதற்கு மிச்சமிருந்த இடத்தை ஸ்பேசர் தின்றுவிட்டது.

காற்று விஷயம் சுருக்கம். லிஃப்டோடு சேர்த்துப் பத்து பிளை எல்டி டயர் (பாரம் தாங்கும் லைட் டிரக் டயர்) போட்டிருப்பீர்கள். அதன் பக்கச்சுவரே விறைப்பு. அதில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தைப் பார்த்துக் காற்று நிரப்பினால் வண்டி குதிக்காமல் என்ன செய்யும்? ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் கம்பெனி அளவிலிருந்து தொடங்குங்கள். எல்டி டயருக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம், ஆனால் உச்சம் தேவையே இல்லை. நாகலூர் பக்கம் எஸ்டேட் மண்பாதையில் இன்னும் குறைத்துக்கொண்டால் சுகமாக இருக்கும். ஆனால் ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கும் முன் மறுபடி நிரப்பியாக வேண்டும். குறைந்த காற்றில் வளைவு திரும்பினால் டயர் மடங்கும், சூடேறும்.

அடுத்தது பட்டையா ஷாக்கா என்ற சண்டை. இந்த இரண்டு வண்டிகளிலும் முன்னால் காயில், பின்னால் பட்டை. பின்பட்டை சுமைக்காகவே செய்தது. காலியாக ஓடும்போது அது வளைந்தே கொடுக்காது. அதற்கு மேல், மலிவான லிஃப்ட் என்று பழைய கட்டுக்குள் இன்னொரு பட்டையைச் செருகியிருந்தால் உயரத்தோடு விறைப்பும் ஏறியிருக்கும். ஷாக்கின் வேலை, ஸ்பிரிங் அசையும் வேகத்தை அடக்குவது மட்டும்தான். விறைத்த பட்டையை அது இளக வைக்காது. சொல்லப்போனால் முரட்டு வால்வு வைத்த விலையுயர்ந்த ஷாக்கை அந்தப் பட்டையோடு சேர்த்தால் அடி கூடத்தான் செய்யும். அதனால் பட்டை முதலில், அதற்குப் பொருத்தமான ஷாக் அதோடு சேர்ந்து. தனியாக ஷாக் மாற்றுவது, எண்ணெய் கசிந்து செத்துப்போன வண்டிக்கு மட்டும்.

பட்டையிலும் இரண்டு வழி உண்டு. ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் போன்ற ஆஸ்திரேலிய கிட்களில் காலி வண்டிக்கு, நிரந்தரச் சுமைக்கு என்று பட்டைக் கட்டு தனித்தனியாக வரும். நம் ஆட்கள் 'கனமானதே நல்லது' என்று பெரிய சுமைக்கானதை வாங்கிவிட்டு, பின்னால் ஒரு மூட்டைகூட ஏற்றாமல் திரிவார்கள். இன்னொரு வழி நம்ம ஊர் லாரிப் பட்டறை. செருகிய பட்டையைக் கழற்றி, வளைவைத் திரும்ப அடித்துத் தருவார்கள். செலவு மிகக் குறைவு. ஆனால் அடித்து ஏற்றிய வளைவு போகப்போகத் தொய்யும். பழகிய கை என்றால் நான் தயங்க மாட்டேன், புதுக் கட்டுக்கு நிகர் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

எதை மாற்றினாலும் ஒன்றைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பட்டையின் கண்ணிலும் (நுனியில் இருக்கும் வளையம்) ஷேக்கிளிலும் (பட்டையைச் சேஸியோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) ரப்பர் புஷ் இருக்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அந்த போல்ட்டை முழுசாக முறுக்கிவிடுவார்கள். கீழே இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு குழிக்கும் எதிர்த்துத் தள்ளும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, நாலு முறை அமுக்கி ஆட்டிவிட்டு, சக்கரத்தில் நிற்கும்போதே இறுக்க வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷுக்கும் இதே விதி. இது ஒன்றிலேயே பாதிக் குறை தீர்ந்த வண்டிகள் உண்டு.

பின் ஸ்பிரிங்கோடு வைக்கும் காற்றுப் பை, அதாவது சஸ்பென்ஷன் ஏர் பேக் பற்றியும் கேட்கிறார்கள். அது பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழாமல் இருப்பதற்கு. காலி வண்டிக்கு மெத்தை போடாது.

கடைசி வழி, லிஃப்டையே கழற்றிவிடுவது. யாருக்கும் பிடிக்காத யோசனை! ஆனால் டவுனுக்குள் ஓட்டி, மாதம் ஒருமுறை குப்பனூர் வழியாக ஏற்காடு போய்வருகிறவருக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி செய்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கழற்றினால் அந்தக் கவலையும் போகும். நவம்பர் முதல் காபிப் பழம் பறிக்கும் நாட்களில் மூட்டை இறக்குகிற எஸ்டேட்காரர் கதை வேறு. அவருக்கு நடுத்தரச் சுமைப் பட்டையும் பொருத்தமான ஷாக்கும் போட்டு, லிஃப்டை இரண்டு அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டால் சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் முன்பக்க மேல் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்ற வேண்டி வரும்.

எந்த வழியானாலும் வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பாருங்கள், கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) அளவையும் கேட்டு வாங்குங்கள். பட்டை மாற்றியிருந்தால், 500 கிலோமீட்டர் ஓடியதும் பட்டையை ஆக்ஸிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளைக் கட்டாயம் மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள்.