வெள்ளவத்தையில் அம்மாவுக்கு எடுத்த எக்கோ

அம்மாவுக்குப் பிறஷர் பல வருடமாக இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து நான் கொழும்பு போயிருந்த நேரம், எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) ஒன்று எடுத்துக்கொண்டு வரும்படி அவருடைய டொக்டர் சொன்னார். ஈசிஜி நோர்மல்தானே, பிறகு எதற்கு என்று அம்மாவுக்குச் சலிப்பு. பிறஷரை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் தசை தடித்துப் போகலாம், ஈசிஜியில் பலருக்கு அது பிடிபடாது, எக்கோவில் மில்லிமீற்றர் கணக்கில் அளக்கலாம் என்று டொக்டர் பொறுமையாக விளக்கினார்.

அரச ஆஸ்பத்திரியில் காசு இல்லை, ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் காலி வீதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பதிவெல்லாம் தமிழிலேயே சுலபமாக முடிந்தது. இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, நெஞ்சில் ஜெல் பூசிப் பார்த்தார்கள். ஒலி அலைதான், கதிர்வீச்சு கிடையாது. பார்த்த பிள்ளை அம்மாவை மிக மரியாதையாக நடத்தினார்.

ஆனால் ஸ்கேனுக்கு முன் பிறஷர் பார்க்கவில்லை. அந்த நேரத்துப் பிறஷர் எக்கோவின் அளவுகளைப் பாதிக்கும் என்பதால் அதையும் ரிப்போர்ட்டில் குறிக்க வேண்டும். நான் கேட்ட பிறகுதான் பார்த்தார்கள்: 158/90. ரிப்போர்ட் தந்தவர், "62 வீதம், நல்லா இருக்கு அம்மா" என்று அனுப்பிவிட்டார். எனக்கு இது சரியாகப் படவில்லை.

62 வீதம் என்பது, இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்ற கணக்கு. பிறஷர்காரருக்கு இந்த எண் வருடக்கணக்கில் நன்றாகவே இருக்கலாம். பழுது முதலில் தெரிவது வேறு இடங்களில். அம்மாவின் இதயச் சுவர் 12 மில்லிமீற்றர். பெண்களுக்கு 9 வரைதான் இயல்பு. துடிப்புகளுக்கு இடையில் தசை தளர்ந்து இரத்தத்தை உள்வாங்குவதும் மெதுவாகியிருந்தது, இடது மேலறையும் கொஞ்சம் பெருத்திருந்தது. இவை எல்லாம் அதே தாளில் இருந்தவைதான். எக்கோ எடுப்பவர்கள் சுவரின் தடிப்பையும், தசை சரியாகத் தளர்கிறதா என்பதையும் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டொக்டர் மருந்தைக் கூட்டினார், உப்பைக் குறைக்கச் சொன்னார். பிறஷர் கட்டுப்பட்டால் தடிப்பும் குறைய வாய்ப்பு உண்டாம். அடுத்த எக்கோவையும் அதே இடத்தில் எடுத்தால் அளவுகளை ஒப்பிட வசதி என்றார். ரிப்போர்ட்டைப் படம் எடுத்துத் தங்கச்சிக்கும் அனுப்பியிருக்கிறேன். அடுத்த முறை அவள்தான் கூட்டிப் போவாள்.