வரையுற பிள்ளைக்கு வாட்டர்கலரா, பென் டேப்லெட்டா?

பத்தாவது, பதினொண்ணாவது படிக்கிற பிள்ளை எந்நேரமும் வரைஞ்சுக்கிட்டே இருக்கு, எதை வாங்கித் தர்றதுன்னு குழம்புறவங்களுக்கு. (மார்க் எடுத்தாதான்னு பேரம் பேசாதீங்க ப்ளீஸ்)

செலவு: வாட்டர்கலர்ல பேப்பர்தான் பணத்தைத் தின்னும், 300 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனத்தைக் குறிக்கிற அளவு) இல்லன்னா தண்ணி பட்டதும் நெளிஞ்சிடும்.
பென் டேப்லெட் (டிஜிட்டல் பேனாவால வரையுற பலகை) ஒரு தடவை செலவு, கிரிட்டாங்கிற வரையுற சாஃப்ட்வேர் ஃப்ரீ, ஆனா ஸ்க்ரீன் இல்லாத மாடல்னா வீட்ல கம்ப்யூட்டர் இருந்தா நல்லது.

உழைப்பு: பிரஷ்ஷைக் கழுவி வச்சா ரொம்ப நாள் வரும். டேப்லெட்ல பேனாவோட நிப் தேயும், மாத்திக்கலாம்.

பழகுறது: ஸ்க்ரீன் இல்லாத டேப்லெட்ல கையைப் பார்க்காம கம்ப்யூட்டர் ஸ்க்ரீனைப் பார்த்து வரையணும், முதல்ல கோடு கோணலாத்தான் போகும், பொறுமை இல்லாத பசங்க மூலையில போட்டுடுவாங்க. அண்டூ (போட்ட கோட்டை உடனே அழிச்சுக்கிறது) வசதிதான், ஆனா யோசிச்சு கோடு போடுற பழக்கம் பேப்பர்லதான் வருது.

எழும்பூர், கும்பகோணம் கவின் கலைக் கல்லூரி ஆசை இருந்தா பேப்பர்லயே கையைப் பழக்குங்க. அனிமேஷன், காமிக்ஸ்னா டேப்லெட்.