உம்கேனி முகத்துவாரத்தில் மூன்று கேமராக்கள்

பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்து அதன்மேல் சின்னக் கட்டம் போட்டுக் காட்டாத மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத இந்தக் கால வகை) இப்போது கடையில் கிடைப்பது அரிது. விளம்பரம் எல்லாமே அந்தக் கட்டத்தைத்தான் காட்டுகிறது. பார்க்க அழகுதான். ஆனால் கேமராவைத் தூக்கியதும் அது பறவையை முதலில் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது, நடுவில் கைவிட்டால் எவ்வளவு சீக்கிரம் திரும்பப் பிடிக்கிறது, இந்த இரண்டுக்கும்தான் நாம் கூடுதல் காசு கொடுக்கிறோம். இதை விளம்பரத்தில் காட்ட முடியாது.

எனக்குச் சோறு போடுவது தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கத்துக் கல்யாணங்களும் கோவில் விசேஷங்களும். பறவை ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். என் கையில் இருப்பது கேனான் ஆர்7, 100-500 மில்லிமீட்டர் லென்ஸோடு. அக்கா மகன் வைத்திருப்பது நிக்கான் இசட்8, 180-600. டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் சோனி ஏ1, 200-600. மூன்று பேரும் சேர்ந்து போனால் லென்ஸோடு சேர்த்தே மாற்றி மாற்றி எடுப்போம். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இப்படித் தானாகவே போகஸ் பிடிக்கும் ஆட்டோஃபோகஸைச் சோதிக்க டர்பனில் உம்கேனி ஆறு கடலில் சேரும் இடத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அலை வடிந்து மணல்திட்டு வெளியே வரும் நேரத்தில் போக வேண்டும். அங்கே கோலியாத் நாரை நிற்கும். செம்பழுப்பு முகம், மஞ்சள் கண், அசையாத உடம்பு. எந்தக் கேமராவும் பிடித்துவிடும், அதை வைத்து யாரும் தீர்ப்பு சொல்ல வேண்டாம். சோதனை என்றால் கருப்பு வெள்ளை மீன்கொத்திதான். நம் தமிழ்நாட்டுக் குளங்களிலும் இருக்கிற அதே பறவை. அதன் கண் கருப்பு, கண்ணைச் சுற்றியிருக்கும் பட்டையும் கருப்பு. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து கண்ணில் ஒரு பொட்டு மின்னினால் ஒழிய, மூன்று கேமராவும் கண்ணை விட்டுவிட்டுத் தலையில்தான் கட்டம் போடும். அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. எஃப் 6.3, 7.1 மாதிரி சின்ன லென்ஸ் திறப்பில், அந்தத் தூரத்தில், தலை போகஸில் இருந்தால் கண்ணும் இருக்கும்.

அது தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும்போது எடுப்பது சுலபம். பின்னால் வானம் மட்டும்தான். தலைகீழாகப் பாயும்போதுதான் விஷயம் இருக்கிறது. ஒரு நொடிக்குள் பின்னணி வானத்திலிருந்து மாங்குரோவ் மரங்களுக்கும், அங்கிருந்து வெயில் பட்டு மினுங்கும் தண்ணீருக்கும் மாறும். இங்கே ஏ1 முன்னால் நிற்கிறது. நொடிக்கு 120 தடவை போகஸ் கணக்குப் போடுகிற கேமரா அது. நொடிக்கு 30 படம் எடுத்தாலும் வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் சின்னத் திரை) கருப்பாவதில்லை, அதனால் நம் கண்ணும் பறவையை விடாமல் தொடர்கிறது. இசட்8 கிட்டத்தட்ட அதே தரம். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) நொடிக்கு 20 படம், அதிலும் கருப்பு இடைவெளி கிடையாது. முதல் பிடியில் ஏ1 அரை அடி முன்னே என்பேன். பிடித்த பறவையை விடாமல் வைத்திருப்பதில் இசட்8-இன் 3டி டிராக்கிங்தான் எனக்குப் பிடித்தது.

ஆர்7 வேறு ரகம். சென்சார், படத்தை வேகமாக வாசிக்கும் ஸ்டாக்டு வகை இல்லை. ஒரு படத்தை மேலிருந்து கீழே வாசித்து முடிக்க ஏறக்குறைய 30 மில்லி நொடி எடுக்கும். மற்ற இரண்டுக்கும் 4 மில்லி நொடி அளவில் வேலை முடிந்துவிடும். எலக்ட்ரானிக் ஷட்டரில் ஆர்7 நொடிக்கு 30 படம் தருகிறது, ஆனால் வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து வாழைப்பழம் மாதிரி வரும். பறக்கும் பறவைக்கு மெக்கானிக்கல் ஷட்டரில் 15 படமே போதும் என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அதற்குப் பதிலாகக் கிடைப்பது எட்டும் தூரம்: சென்சார் சிறியது என்பதால் வரும் 1.6 மடங்கு கிராப்பில் 500 மில்லிமீட்டர் லென்ஸ் 800 போல ஆகிறது, அதுவும் 32.5 மெகாபிக்சலில். கனமும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பாடி 612 கிராம், லென்ஸ், ஸ்டாண்டில் பொருத்தும் காலர் இல்லாமல், 1,370. சோனி 200-600 லென்ஸ் தனியாகவே இரண்டு கிலோவைத் தாண்டும். காலை முழுக்கக் கையில் பிடித்துப் பார்த்தால் அந்தக் கனம் படத்திலேயே தெரியும்.

நாணல் புதருக்குள் தூக்கணாங்குருவி என்றால் எந்தக் கேமராவின் புத்தியும் வேலைக்காகாது. முன்னால் ஆடும் தண்டைத்தான் முதலில் பிடிக்கும். இதற்கு வழி ஒன்றுதான். ஒரு பட்டனில் ஒற்றைப் புள்ளி, இன்னொரு பட்டனில் முழுப் பரப்பு என்று பிரித்து வைத்துக்கொள்வது. புள்ளியால் பறவையைத் தொட்டுவிட்டு, அப்புறம் மற்ற பட்டனிடம் ஒப்படைப்பது. மூன்றிலும் இதைச் செய்யலாம், நிக்கானில் அமைப்பது சுலபம். (தைப்பூசத்தில் காவடியின் மயிற்பீலிக் கண்ணைப் பறவைக் கண் என்று பிடித்துக்கொண்ட கேமரா ஒன்றையும் பார்த்திருக்கிறேன். எந்த கம்பெனி என்று சொல்லமாட்டேன். கோவிலுக்குள் போகுமுன் மனிதர் மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.)

பிஜன் வேலி வேறு பாடம். ஊருக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்னக் காட்டுக்குள் குளிர்காலத்தில் புள்ளி போட்ட ஒரு தரைப் பூங்குருவி வரும். இலைச் சருகைக் கிளறிக்கொண்டு நிழலிலேயே நடமாடும். அங்கே வித்தியாசத்தைத் தீர்மானிப்பது பாடி இல்லை, லென்ஸ். எஃப் 7.1-இல் என் கேமரா தேடித் தேடிப் பிடிக்கிற வெளிச்சத்தில், சற்றே அதிக வெளிச்சம் விடும் எஃப் 6.3 லென்ஸுகள் கொஞ்சம் தைரியமாக இருக்கும். பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன்.

கிளையிலிருந்து கிளம்பும் கணத்தைப் பிடிக்க பட்டனை முழுக்க அழுத்துமுன்பே, முன்கூட்டியே பதிவு செய்யும் வசதி இப்போது எல்லோரும் கேட்பது. ஆர்7-இல் அரை நொடி வரை ரா கோப்பிலேயே உண்டு, ஆனால் எல்லாப் படமும் ஒரே சுருளாகச் சேரும், பிறகு பிரித்தெடுக்க வேண்டும், முன்னே சொன்ன வளைவும் அதில் உண்டு. இசட்8-இல் உண்டு, ஆனால் ஜேபெக் மட்டும். ஏ1-இல் அறவே கிடையாது. 2024-இல் வந்த ஏ1 மார்க் 2-இல்தான் சேர்த்தார்கள்.

"மாமா, கட்டம் கண்ணுலதான் இருந்துச்சு, படம் ஏன் மங்கலா இருக்கு?" என்று அக்கா மகன் அடிக்கடி கேட்பான். பத்து மணிக்கு மேல் மணல்திட்டில் சூடேறி, காற்று அலையலையாக நெளியும். 600 மில்லிமீட்டரில் தூரத்துக் கூழைக்கடாவை எடுத்தால் எந்த ஆட்டோஃபோகஸும் அதைத் திருத்தாது. கிட்டப் போ, இல்லையென்றால் விடியற்காலையில் வா, அவ்வளவுதான்.

விலை: அறிமுகமானபோது ஆர்7 1,499 டாலர், இசட்8 3,999, ஏ1 6,500-ஐ ஒட்டி. எங்கள் ரேண்டுக்கு மாற்றி 15 சதவீத வாட் வரி சேர்த்தால் தலை சுற்றும். புதிதாகத் தொடங்குபவருக்கு ஆர்7, சந்தேகமே இல்லை. பறக்கும் பறவைதான் குறி என்றால் காத்திருந்து இசட்8. முன்கூட்டிய பதிவு வேண்டாம் என்பவர்கள் மட்டும் பழைய ஏ1 தேடலாம். இசட்8 செகண்ட் ஹேண்டில் வாங்கினால், ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) 2.00 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள். பறவைக்கென்று தனி மோடு 2024 பிப்ரவரியில் அந்தப் பதிப்போடுதான் வந்தது. இல்லையென்றாலும் பயமில்லை, இலவசமாகவே ஏற்றிக்கொள்ளலாம்.