அயிரையும் யோயோவும் ஒரே தொட்டியில்: ஆறு வருட அனுபவம்

லோச் மீன் வளர்க்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, அது நமக்குப் புது மீன் இல்லை என்பதைத்தான். அயிரையும் ஒரு லோச்தான். நம் குளத்திலும் வாய்க்காலிலும் மணலுக்குள் கிடப்பது, ஆச்சிமார் மண்சட்டியில் கல் உப்புப் போட்டு உரசிக் கழுவிக் குழம்பு வைப்பது, எல்லாம் அதே அயிரைதான். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கோடும் பட்டையுமாக ஓடுகிற கிளவுன், யோயோ, ஜீப்ரா, குலி எல்லாம் அதற்குத் தூரத்துச் சொந்தம். வாயைச் சுற்றி மீசை, கண்ணுக்குக் கீழே மடக்கி வைத்த முள், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற சின்னச் செதில், இந்த மூன்றும் இவை எல்லாவற்றுக்கும் உண்டு.

சொந்தம் என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே வீட்டில் குடிவைக்க முடியுமா? பாளையங்கோட்டையில் என் வீட்டு நாலடித் தொட்டியில் 2019-லிருந்து இதைத்தான் பார்த்துவருகிறேன். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 250 லிட்டர் பிடிக்கும், மணலும் கல்லும் போக இன்னும் குறையும். இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். எத்தனை வகை சேர்க்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொரு வகையிலும் எத்தனை உருப்படி என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி.

நான் ஆரம்பித்ததே தப்பாகத்தான். பார்க்க அழகாக இருக்கிறதே என்று யோயோவில் இரண்டு, ஜீப்ராவில் இரண்டு, கிளவுனில் மூன்று என்று வாங்கி வந்து ஒரே நாளில் விட்டேன். கீழே கலர் கல். ஒரு மாதத்துக்குள் இரண்டு யோயோவில் ஒன்று மற்றதை ஃபில்டருக்குப் பின்னாலேயே அடைத்துவிட்டது. இரை போடும்போதுகூட அது வெளியே வராது. வால் துடுப்பு நார் நாராகக் கிழிந்திருந்தது. யோயோ முரட்டு மீன், ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றுதான் பலரும் சொன்னார்கள். நான் அதற்கு மாறாக இன்னும் நான்கு வாங்கி ஆறாக்கினேன். அதற்குப் பிறகும் சண்டை இருந்தது, ஆனால் ஒரே மீன் மேல் விழாமல் ஆறு மீனுக்கும் பிரிந்துபோனது. இரண்டு வாரத்தில் யார் பெரியவர், யார் அடுத்தவர் என்று தங்களுக்குள் ஏதோ ஒரு வரிசை போட்டுக்கொண்டன. அடிவாங்கிய மீன் வெளியே வந்து மற்றவற்றோடு ஓட ஆரம்பித்தது.

யோயோ சண்டையை நீங்கள் ஒரு தடவையாவது கவனித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உடம்பை உரசிச் சுழலும். அந்த நேரத்தில் உடம்பில் இருக்கிற கறுப்புக் கோடெல்லாம் வெளிறி, மீன் முழுக்கச் சாம்பல் நிறமாகிவிடும். முதல் தடவை நோய்தான் வந்துவிட்டது என்று பயந்துபோனேன். சண்டை முடிந்த சில நிமிடத்தில் கோடு பழையபடி திரும்பிவிட்டது. இன்னொன்று, சத்தம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் தொட்டிக்குள்ளிருந்து ‘டக் டக்’ என்று, பாக்குவெட்டியில் பாக்கு வெட்டுகிற மாதிரி கேட்கும். கிளவுன் இருந்த நாட்களில் இது பக்கத்து அறை வரை கேட்டது.

கிளவுன் லோச் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். கடையில் இரண்டு அங்குலக் குஞ்சாக, ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டையோடு இருக்கும்போது யாருக்கும் கை நீளும். தொட்டிக்குத் தக்கதான் வளரும் என்று எனக்கு விற்ற கடையில் சொன்னார்கள். அது உண்மை இல்லை. போர்னியோ, சுமத்ரா தீவுகளின் ஆறுகளில் இருக்கிற மீன் அது. ஓர் அடி வரை வளரக்கூடியது, நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருடத்துக்கு மேலும் வாழும். வளர்ச்சி மெதுவாக இருப்பதால் நமக்கு உறைப்பதில்லை. என்னிடம் மூன்று வருடத்தில் ஆறு அங்குலம் தொட்டன. நாலடித் தொட்டியில் அவை திரும்பி நீந்துவதைப் பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. குலிகள் படுக்கிற ஓட்டுத் துண்டுக்குள் தலையை விட்டு அவற்றை வெளியே தள்ளிவிடும். வேண்டுமென்று செய்வதில்லை, உடம்புக்கு இடம் போதவில்லை, அவ்வளவுதான். அதோடு மூன்று என்பது அவற்றுக்கு ஒரு கூட்டமே கிடையாது. குறைந்தது ஐந்தாறாவது வேண்டும், அதற்கு ஆறேழு அடித் தொட்டி வேண்டும்.

2022-ல் நாகர்கோவிலில் ஏழடித் தொட்டி வைத்திருக்கிற ஒரு நண்பரிடம் மூன்றையும் கொடுத்துவிட்டேன். அங்கே ஏற்கனவே ஐந்து இருந்தன. பிடிக்கும்போது வலையை விட்டேன், அதுவும் தப்பு. பயந்தவுடன் கண்ணுக்குக் கீழே இருக்கிற முள்ளை விரித்துவிடுகிறது, அது வலைக் கண்ணியில் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் முகம் கிழியும். கடைசியில் வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கத்தரிக்கோலால் நூலை வெட்டித்தான் ஒன்றை விடுவித்தேன். மற்ற இரண்டையும் அகன்ற வாய் பிளாஸ்டிக் டப்பாவைச் சாய்த்து வைத்து, கையால் மெல்ல ஓட்டிப் பிடித்தேன். எந்த லோச்சானாலும் டப்பாதான் சரி. இன்னொன்று, கிளவுன் பக்கவாட்டில் சாய்ந்து செத்த மாதிரி படுத்துக் கிடக்கும். அது தூக்கம்தான், பதறி வெளியே எடுத்துவிடாதீர்கள்.

ஜீப்ரா லோச் சாதுவான மீன், மூன்று நான்கு அங்குலத்துக்கு மேல் போகாது, யோயோவோடு நன்றாகவே ஒத்துப்போகும். பழக்கத்தை மட்டும் பார்த்தால் நாலடித் தொட்டிக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியில், மகாராஷ்டிரா, கர்நாடகா பக்கத்து ஓடைகளில் மட்டுமே இருக்கிற மீன் என்றும், அழியும் ஆபத்தில் இருக்கிற இனங்களின் பட்டியலில் இருக்கிறது என்றும் வாங்கிய பிறகுதான் படித்தேன். இருக்கிற இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. கூட்டம் சேர்க்க வேண்டும் என்று நான் மேலே சொன்ன விதியை இதில் மட்டும் நான் கடைப்பிடிக்கவில்லை. ஓடையிலிருந்து பிடித்த மீனை இன்னும் நான்கு வாங்க மனசு வரவில்லை. அந்த இரண்டும் யோயோ கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு திரிகின்றன.

கலர் கல்லுக்கு வருகிறேன். யோயோவின் மீசை நுனி தேய்ந்து குட்டையானதைப் பார்த்த அன்றே அதை எடுத்துப் போட்டேன். லோச் எல்லாம் மீசையால் தடவித்தான் இரை தேடும். கூர்முனைக் கல் அதை அறுத்துவிடும். வீடு கட்டி மிஞ்சிக் கிடந்த ஆற்று மணலைச் சல்லடையில் சலித்து, வாளி வாளியாகத் தண்ணீர் தெளிகிற வரை அலசி, இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பினேன். தொட்டிக்காக நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான்.

மணல் போட்ட பிறகுதான் அயிரை விடும் யோசனையே வந்தது. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்த சமயம், மேலப்பாளையம் பக்கம் மீன் விற்கிற ஓர் அக்காவின் பாத்திரத்தில் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தன. அடிபடாத பன்னிரண்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதில் விட்டேன். விட்ட நிமிடமே ஒன்றைக்கூடக் காணோம். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தால் மணலில் அங்கங்கே இரண்டு இரண்டு கண்கள் மட்டும் தெரிகின்றன. பொழுது சாய்ந்ததும் வெளியே வந்தன. வாய் நிறைய மணலை அள்ளும், தாடை நாலு தடவை அசையும், இரையை வைத்துக்கொண்டு மணலை மட்டும் இரண்டு செவுள் வழியாகவும் மெல்லிய கோடாக ஒழுகவிடும். ஆச்சி கண்ணாடிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு இதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏல, மண்ணைத் தின்னுட்டு செவுள் வழியா துப்புதுல்லா! அதாம் எம்புட்டு கழுவுனாலும் கொழம்புல நறநறங்குது” என்றாள். அறுபது வருடமாக அயிரைக் குழம்பு வைத்தவளுக்கு அன்றைக்குத்தான் காரணம் கிடைத்தது.

குலி லோச்சும் இதே மாதிரி மணல் மீன்தான், பாம்புக்குட்டி போல நெளிந்து ஓடும். எட்டு வைத்திருக்கிறேன். இரண்டு மூன்றாக வாங்கினால் வருடக்கணக்கில் கண்ணிலேயே படாது, எட்டுப் பத்து இருந்தால் பகலிலேயே வெளியே வரும். ஃபில்டர் உறிஞ்சுகுழாயில் கட்டாயம் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். மாட்டாததால் ஒரு குலியை இழந்தேன்.

தண்ணீர் விஷயத்தில் தாமிரபரணிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, லோச்சுக்கு அதுதான் வேண்டும். ஒரு நாள் முழுக்க டிரம்மில் பிடித்து வைத்தால் குளோரின் வாடை போய்விடும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளைப் படிவு விடுகிற ரகம், அதைத் தொடுவதே இல்லை. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுவேன். அக்னி நட்சத்திர நாட்களில் தொட்டித் தண்ணீர் 32, 33 டிகிரிக்குப் போய்விடும். மேல் மூடியை எடுத்துவிட்டுச் சின்ன மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பில் அடிக்க வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும். வற்றுகிற தண்ணீரைத் தினம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெள்ளைப் புள்ளி நோய் 2020 ஐப்பசி மழையில் வந்தது. புதிதாக வாங்கிய மீன் இரண்டை நேராகத் தொட்டியில் விட்டிருந்தேன், தண்ணீரும் திடீரென்று குளிர்ந்தது. கிளவுன் மேல் ரவை தூவியது போல இருந்தது. கல் உப்பை ஒரு கை அள்ளிப் போடு என்றார்கள். மற்ற மீன்களுக்குச் சொல்கிற அளவு உப்போ மருந்தோ லோச்சுக்கு ஆகாது. செதில் அவ்வளவு மெல்லிசு, பாதி அளவில் ஆரம்பிப்பதுதான் வழக்கம். நான் மருந்தே போடவில்லை. ஹீட்டர் வைத்து இரண்டு நாளில் மெதுவாக 30 டிகிரிக்கு ஏற்றி, காற்றுக் குமிழை அதிகமாக்கி, இரண்டு வாரம் அப்படியே வைத்திருந்தேன். ஒரு கிளவுன்கூடச் சாகவில்லை. அதற்குப் பிறகு எந்தப் புது மீனும் மூன்று வாரத் தனித் தொட்டி தாண்டாமல் உள்ளே போனதில்லை.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் நம் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை போன கரண்ட் செவ்வாய்க்கிழமை ராத்திரிதான் வந்தது. பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப் என்னிடம் அப்போது இல்லை. முதல் ராத்திரியே மேல்மட்டத்தில் நீந்துகிற ரஸ்போராக்கள் வாயைப் பிளந்துகொண்டு தொங்கின, யோயோக்கள் கீழே கிடந்து செவுளை வேகமாக அடித்தன. மயினியும் நானும் மாறி மாறிச் செம்பில் தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தோம். டார்ச் வெளிச்சத்தில் அயிரையும் குலியும் செய்ததை நான் அதற்குமுன் கவனித்ததில்லை. அடியிலிருந்து அம்பு மாதிரி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு நேராகக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் பின்பக்கமாக ஒரு குமிழ் வெளியே வரும். குடலாலேயே காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் தன்மை அது. வற்றிய குட்டையில் பிழைத்துக்கிடக்கிற மீனுக்கு அது தேவைதானே. ரஸ்போராவில் ஏழும் யோயோவில் ஒன்றும் போயின. அயிரையிலும் குலியிலும் ஒன்றுகூடப் போகவில்லை. அடுத்த வாரமே பேட்டரி பம்ப் வாங்கிவிட்டேன்.

இரைக்குப் பெரிய பாடில்லை. மூழ்குகிற குச்சித் தீனியை விளக்கணைத்த பிறகு போடுங்கள், வாரம் இரண்டு முறை உறைந்த ரத்தப்புழு, எப்போதாவது வேகவைத்த வெள்ளரித் துண்டு. செடியோடு வந்து பெருகிய நத்தையை யோயோ ஒரே மாதத்தில் முடித்துவிட்டது. மணலெல்லாம் வெற்று ஓடு.

பாறையில் ஒட்டிக் கிடக்கிற சப்பட்டை மலையோடை லோச்சை இவற்றோடு சேர்க்காதீர்கள். அதற்குக் குளிர்ந்து ஓடுகிற தண்ணீர் வேண்டும், நம் வெயிலில் தாங்காது. பாபநாசத்துக்கு மேலே ஓடையில் பிடித்து வரலாமே என்று சில தம்பிகள் கேட்கிறார்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்கே ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது.

இப்போது தொட்டியில் யோயோ ஐந்து, ஜீப்ரா இரண்டு, குலி எட்டு, அயிரை பதினொன்று. சரி, மூன்றடித் தொட்டிதான் இருக்கிறது என்பவர்கள் யோயோவையும் கிளவுனையும் விட்டுவிடுங்கள். மணலைப் பரப்பி, கவிழ்த்த ஓட்டுத் துண்டு நாலைந்து வைத்து, அயிரை பத்து, குலி எட்டு. வாங்கும்போது வயிறு உள்வாங்கிய மீனை எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் குடல்புழு பிடித்தது. விட்ட முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை என்று மணலைக் கிளறவும் வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துப் பாருங்கள்.